இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொருவர்

எங்கள் பழவேற்காட்டில் கல்யாணச் சாப்பாடு சஹனில்தான். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறு. அதைச் சுற்றி நான்கு பேர். நான்கு கைகளும் அந்த ஒரே தட்டில். என் தாய்மாமா மட்டும் எந்தச் சஹனிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கேட்டால், "நாலு நாலா பிரிச்சா ஒருத்தன் மிச்சம்டா. அது நான்தான்" என்பார். பந்தி முடிந்த பிறகு சமையல் கொட்டகையில் தனியாகச் சாப்பிடுவார்.

எனக்கு அவர் போட்ட விடுகதையும் அதே ஜாதிதான். "ரெண்டு ரெண்டா உக்காந்தாலும் ஒருத்தன் மிச்சம். மூணு மூணா உக்காந்தாலும் ஒருத்தன் மிச்சம். பத்து பத்தா உக்கார்ற வரைக்கும் இதே கததான். மொத்தம் எத்தினி பேரு, சொல்லு?"

ஒரு கோடை விடுமுறையையே அதற்குக் கொடுத்தேன். இரண்டு முதல் பத்து வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 2520. ஒன்றைக் கூட்டினால் 2521. அதோடு விடாமல் பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்று மேலே மேலே வகுத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை, பகா எண். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பாவம்டா அந்த நம்பரு" என்று சிரித்தார். "யாராண்டயும் சேராது போலகீது." ஒரு பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு என் வாயில் போட்டார். அவருடைய வலக்கையில் விரல் நுனிவரை வெண்புள்ளி படர்ந்திருந்தது. எனக்கு அது மாமாவின் கை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டே அக்காவின் கல்யாணம். ஆண்கள் பந்தலில் மாமாவையும் சேர்த்து எண்ணினேன்: 164. கடைசி இரண்டு இலக்கம் நான்கால் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். மீதியே இல்லை! கடைசிச் சஹனில் மூன்று பேர் நான்காமவருக்காகக் காத்திருந்தார்கள்.

"மாமா, இன்னிக்கு மிச்சமே இல்ல! நாலாவது ஆளு நீதான்!" பந்தலே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு அவரை இழுத்து வந்தேன்.

"உடுடா, வேல கீது" என்றவர், என்ன நினைத்தாரோ, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினார்.

எதிரே இருந்த பெரியவர் தன் கையை இழுத்துக்கொண்டார். "எனக்குப் பசியில்ல பாய்." மற்ற இருவரும் தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மாமா உடனே எழுந்தார். "நீங்க சாப்புடுங்க பாய். சட்டியாண்ட ஆளில்ல." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம், "இன்னாடா கணக்குப் போட்ட? சமையக்காரர உட்டுட்டியே!" என்றார்.

"அவரு கணக்குல வரமாட்டாரு! என் கணக்கு கரெக்டு! நீ உக்காரு!"

திரும்பத் திரும்பக் கத்தினேன். கத்தக் கத்தப் பந்தல் அமைதியானது.

கும்மிடிப்பூண்டியில் கணக்காசிரியனாக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். மனிதர்களின் அருவருப்பிலிருந்து ஒதுங்கி நிற்க மாமாவுக்கு இருந்த மறைவு அந்த மீதி ஒன்றுதான். அதை ஊரறியப் பிடுங்கியவன் நான்.

அன்று அது தெரியவில்லை. சரியான கணக்கைத் தப்பென்று சொல்லிவிட்டாரே என்றுதான் கோபம். சற்றுப் பொறுத்து, சமையல் கொட்டகையில் என்னைக் கூப்பிட்டு ஒரு கவளம் சோற்றை நீட்டினார். வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீட்டிய கை ஏன் அவ்வளவு நேரம் அப்படியே நின்றது என்று எனக்கு விளங்கவில்லை.