எல்லாக் காலண்டரிலும் ஒரு நினைவு நாள்

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கடைக்காரர்கள் சொல்லும் பெயரையும் விசேஷ நாட்களையும் ஏற்றி அச்சுக்கு அனுப்ப வேண்டும். அதற்கான புரோகிராமை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவர் முதலாளியின் மகன், இன்ஜினியர். நான் ஜாவாஸ்கிரிப்டைச் செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தவள். அதை அங்கே யாரும் கேட்கவுமில்லை, நானும் சொல்லவில்லை.

சீசன் உச்சத்தில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் போனில் கத்தினார். "எங்க அப்பா கல்லாவுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காக. அவுகளுக்கு நினைவு நாள் போட்டிருக்கீக!"

அந்த நினைவு நாள் விருதுநகர் வத்தல் மண்டிக்காரர் ஒருவருடைய அப்பாவுக்கு. அவர் ஆர்டரில் நான்தான் ஏற்றினேன். அதற்குப் பின் அச்சான எல்லாக் காலண்டரிலும், ஒரு கல்யாண மண்டபத்தின் காலண்டரில்கூட, "தந்தையார் நினைவு நாள், விடுமுறை" என்று இருந்தது.

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தேன். முதலாளியின் மகன் ஒவ்வொரு புதுக் காலண்டரையும் ஒரு தாய்க் காலண்டரோடு இணைத்து உருவாக்கியிருந்தார். அந்தத் தாய்க்குப் பெயர் புரோட்டோடைப். தன்னிடம் இல்லாததைக் காலண்டர் தாயிடம் போய்த் தேடி எடுத்துக்கொள்ளும். கடைப் பெயரை மாற்றினால் அது அந்தக் காலண்டருக்கே சொந்தமாகிவிடும், தாய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விசேஷ நாள் பட்டியல் தாயிடம் மட்டும்தான் இருந்தது. ஒரு கடைக்காக அதில் ஒரு நாளைச் சேர்த்தால் எல்லோருக்கும் சேர்ந்துவிடும். உருவாக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் கொடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரி.

மகனிடம் காட்டினேன். "ம்" என்றார். என் கண் முன்னாலேயே அந்த வரியை எழுதினார். பிறகு அப்பாவின் அறைக்குப் போய், "அந்தப் பிள்ள தப்பா ஏத்திருச்சுப்பா" என்றார். கதவு திறந்துதான் இருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். புரோட்டோடைப் என்று நான் ஆரம்பித்ததுமே கையை நீட்டித் தடுத்தார். "பட்டாசு ஆபீஸ்ல சரம் பின்னுறவ மக, எம்மகனுக்குப் பாடம் நடத்துறியாக்கும்? நாளையில இருந்து வர வேண்டாம்."

என்னிடம் குற்றம் கிடைக்கவில்லை, என் அம்மாவிடம் போய் எடுத்துக்கொண்டார். மகன் வாசலில் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

பஸ் பிடித்து எங்கள் ஊர் ஆமத்தூருக்கு வந்தேன். அம்மா வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய பட்டாசு மருந்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எனக்காக அவர்களை ஒரு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவுக வீட்டுப் பிள்ளையப் போயி கொற சொன்னியாத்தா?" என்றாள். "காலையில போயி மன்னிப்புக் கேட்டுருவோம். நானும் வாரேன்."