பூட்டக்காவின் பயிற்சி வகுப்பு

பூட்டக்கா என்ற பெயரை வைத்தது அவருடைய வீட்டுக்காரர்தான். கதவைப் பூட்டிவிட்டு, வெளியே நின்று ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் அக்கா படி இறங்கியதில்லை. "திருடன்கூட இவ்வளவு இழுக்க மாட்டான்" என்பார் அவர். அந்தப் பெயர் எப்படியோ பல்கலைக்கழக நூலகத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவர். காலம் மாறி, ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் இணையத்தில் ஏற்றி உலகத்துக்கே படிக்கக் கொடுக்கும் வேலை வந்தது. எதை எப்போது திறக்கலாம், எழுதியவருக்கு என்ன உரிமை, எந்த ஆய்விதழ் போலி என்பதையெல்லாம் அக்கா தானாகவே கற்றார். பிறகு கல்லூரி நூலகர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். வகுப்பில் பொய்க் கோப்புகளை வைத்துப் பழக்குவது அவருக்குப் பிடிக்காது. "பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகினா, ஆளைப் பாத்ததும் கை நடுங்கும்" என்பார். நிஜக் கோப்பு வேண்டாம், பழகுவதற்குத் தனியாக ஒரு பயிற்சிப் பக்கம் தருகிறோம் என்றுதான் கணினிப் பிரிவில் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை.

அன்று வகுப்பில் ஒரு டஜன் பேர். பெண்கள் கல்லூரியிலிருந்து வந்த புது நூலகருக்கு, வேதியியல் மாணவி ஒருத்தியின் ஆய்வேடு கிடைத்தது. உப்புக் காற்றிலும் இரும்பைத் துருப்பிடிக்க விடாத ஒரு பூச்சை அந்தப் பெண் கண்டுபிடித்திருந்தாள். காப்புரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அதற்குள் விஷயம் வெளியே கசிந்தால் உரிமை போய்விடும். ஐந்து வருட உழைப்பை எவனோ தூக்கிக்கொண்டு போவான். அதனால் இரண்டு வருடத்துக்குப் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தாள்.

புது நூலகர் தேதி போட்டார், பூட்டினார், நிமிர்ந்தார். அக்கா தலையசைத்தார். தேநீர் வந்தது.

கையில் கோப்பையோடு அக்கா வராந்தாவுக்குப் போனார். கைபேசியில் பல்கலைக்கழக இணைப்பைத் துண்டித்துவிட்டு, யாரோ வெளியாள் போல அந்தப் பக்கத்தைத் திறந்தார். 'இரண்டு ஆண்டுகளுக்குப் பின் திறக்கும்' என்று அழகாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த கோப்பைத் தொட்டார். ஆய்வேடு முழுவதும் விரிந்தது. செய்முறை, அளவு, சூடு, எல்லாம்.

முகப்புப் பக்கத்துக்கு ஒரு பூட்டு, கோப்புக்கு இன்னொரு பூட்டு. புது நூலகர் போட்டது முதலாவதை மட்டும். தலையசைக்கும் முன் இழுத்துப் பார்க்காதது அக்கா.

உள்ளே போய், முதலில் கோப்பைப் பூட்டினார். மறுபடி வெளியாளாக இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. மதியம் வந்து புதிதாக ஏறியதையெல்லாம் அள்ளிப் போகும் தேடுபொறி இன்னும் வரவில்லை. பிறகுதான் எத்தனை முறை இறக்கப்பட்டது என்று பார்த்தார். மூன்று. ஒன்று அவருடையது. நடந்ததை வகுப்பில் சொல்லி, மாணவியிடமும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார்.

"நான் திறக்கவே இல்லைக்கா" என்றார் புது நூலகர். உதடு வெளுத்திருந்தது.

"அழுகை அப்புறம். முதல்ல தண்ணி குடிங்க."

பொறியியல் கல்லூரி நூலகர் வகுப்பின் வாயாடி. "அதான் பூட்டியாச்சே அக்கா. யாருக்குத் தெரியப் போகுது? நீங்களா ஏன் ஊதிக் கெடுக்குறீங்க? நாளைக்கே வகுப்பை இழுத்து மூடச் சொல்லுவாங்க."

"மூடட்டும்."

"அந்தப் பொண்ணு பயந்துபோயிடும்."

"புண்ணை மூடி வெச்சா சீழ்தான் பிடிக்கும் தம்பி. அவ இப்பவே ஓடிப்போய் விண்ணப்பிக்க வேண்டியிருந்தா? அந்த நேரத்தை நாம திருடக் கூடாது."

எல்லார் முன்னாலும் மாணவியை அழைத்தார். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள். நடந்ததை அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"தெரியும் மேடம். உங்க ஆய்வேடு வெளியாகிடுச்சுன்னு தானா ஒரு மெயில் வந்துச்சு. திறந்து பாத்தேன், திறந்துடுச்சு. அப்பலேருந்து கை கால் ஓடலை. கைடுகிட்டச் சொல்லத்தான் கிளம்பினேன்."

"நீங்க எத்தனை தடவை திறந்தீங்க?"

"ஒரே தடவை."

இரண்டுக்குக் கணக்குக் கிடைத்தது. மூன்றாவது யார்? கைபேசியைக் கையில் வைத்தபடியே அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாயாடி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி."

"பூட்டு சரியா விழுந்துச்சான்னு சும்மா தொட்டுப் பாத்தேன்கா" என்றார் வாயாடி, தரையைப் பார்த்தபடி. "திறந்துடுச்சு. சொன்னா நான்தான் கெடுத்தேன்னு ஆயிடுமோன்னு..."

"படிச்சீங்களா?"

"தலைப்பே புரியலைக்கா."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இழுத்துப் பாத்தது சரி. திறந்ததும் கத்தியிருக்கணும். அதுதான் பாதி வேலை."

அரை மணியில் மாணவி வந்தாள். தலை கலைந்திருந்தது. வாயாடி தன் கைபேசியை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே கோப்பை அழித்தார். அவள் அதை வாங்கி ஒருமுறை தானே தேடிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

"நடந்ததை எழுத்துல குடுங்க மேடம். காப்புரிமைக்காரங்க கேட்டா காட்டணும்" என்றாள்.

"எழுதிட்டேன். என் தப்புன்னும் எழுதியிருக்கேன்."

மாணவி தாளை வாங்கிப் படித்தாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மறுபடி பழக்குவதற்காக அக்கா அந்த ஆய்வேட்டின் பூட்டை எடுத்துவிடவில்லை. அந்த அளவுக்கு அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கணினிப் பிரிவைக் கூப்பிட்டு, முன்பு தானே வேண்டாம் என்று ஒதுக்கிய பயிற்சிப் பக்கத்தையே கேட்டு வாங்கினார். அதில் ஒரு வெற்றுக் கோப்பை ஏற்றி, புது நூலகரை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"இப்பப் போடுங்க. ரெண்டு பூட்டும்."

அவர் போட்டார். பிறகு தன் கைபேசியை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே வராந்தாவுக்குப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவியும் எழுந்து அவர் பின்னாலேயே போனாள், தன்னுடையதை இன்னொரு முறை இழுத்துப் பார்க்க.