வயிற்றில் கட்டிய செய்தித்தாள்

பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் ஒரு வாடகைக் காருக்குள் மாட்டிக்கொண்டோம். ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியிருந்தார்கள். எங்களுக்குப் போக ஊர் என்று எதுவும் இல்லை. கூடுவாஞ்சேரியில் மகள் வீடு இருக்கிறது, அவ்வளவுதான். டிரைவர் ஏசிக்கு முன்னால் ஒரு வாசனை டப்பாவை மாட்டியிருந்தார். ஆரஞ்சு வாசனையாம். எந்த ஆரஞ்சுப் பழமும் அப்படி மணந்து நான் பார்த்ததில்லை. கார் ஓர் அடி நகரும், நிற்கும், மறுபடி ஓர் அடி நகரும். என் மனைவி ஜரீனா என் பக்கம் திரும்பாமலே கைப்பையைத் திறந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

வண்டி என்றால் எனக்கு வாந்தி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆறாம் வகுப்புக்குப் பஸ்ஸில் போக வேண்டும். படிப்பு நின்றதற்கு வறுமை காரணம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டுவார்கள். வாந்தி என்று சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. அதனால் முதலாவதை மட்டும் சொல்லிப் பழகிவிட்டேன்.

எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்தால் கொஞ்சம் தாங்கும். அதைவிட நல்ல வைத்தியம் ஒன்றை எனக்குச் சொன்னவர் ஏழுமலை அண்ணன். கோவிலம்பாக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் சோபா தைத்துக்கொண்டிருந்தோம். செய்தித்தாளை மடித்து, பனியனுக்கு மேல் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே சட்டை போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அது எப்படி வாந்தியை நிறுத்தும் என்று கேட்டேன்.

"பேப்பர்ல எவ்ளோ நியூஸ் கீது? வயிறு அதைப் படிச்சிகினு கம்முனு கெடக்கும்" என்றார்.

இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. வேலையும் செய்தது. கூடவே நானாகக் கண்டுபிடித்த இரண்டு விதிகளும் உண்டு. வண்டி ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. கண்ணை மூடக் கூடாது. வாயைத் திறந்தால் ஆபத்து. கண்ணை மூடினால் முடிந்தது கதை.

கல்யாணமாகி முதல் நோன்புப் பெருநாள் வந்தது. நாங்கள் குடியிருந்தது என் அண்ணனோடும் அம்மாவோடும் ஒன்றரை அறை வீட்டில். கல்யாணத்துக்காக நானே பிளைவுட்டில் ஒரு தடுப்பு அடித்தேன். பட்டறையில் மிச்சமான ரெக்ஸினை மேலே ஒட்டியதில் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் அண்ணன் இருமினால் இந்தப் பக்கம் எங்கள் தலையணை அதிரும். நானோ ஆள் இல்லாத இடத்திலேயே பேசக் கூச்சப்படுகிறவன். கல்யாணத்திலிருந்து அதுவரைக்கும் நாங்கள் பேசியதெல்லாம் "தண்ணி வேணுமா", "வேணாம்", "லைட்ட அணைக்கவா", "ம்" என்பதோடு சரி.

பெருநாளுக்கு மறுநாள் பெண் வீட்டார் புது மாப்பிள்ளையை வெளியே கூட்டிப்போவது வழக்கம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து என் மச்சான் காதர் ஒரு வேனோடு வந்து நின்றார். ஜரீனாவுக்கு மூத்த அண்ணன், கல்யாண பிரியாணி சமைப்பவர், கை பெரியது, குரல் அதைவிடப் பெரியது. பெருங்களத்தூர் தாண்டி இருந்த தீம் பார்க்குக்குப் போவதாக ஏற்பாடு. நான் முன்னேற்பாடாகப் பெருநாள் சட்டைக்கு அடியில் அன்றைய தினசரியைக் கட்டிக்கொண்டிருந்தேன். வேனில் ஏறுவதற்கு முன் வாசலில் செருப்பு மாட்டும் சாக்கில் ஜரீனா குனிந்து, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரிய ராட்டினத்துல நாம ரெண்டு பேர் மட்டும் ஏறணும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அதற்குமுன் அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. என்ன கேட்கப்போகிறாள் என்று வழியெல்லாம் யோசித்தேன். நல்லவேளை, மாப்பிள்ளை மரியாதை என்று என்னை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முன் சீட்டும் தினசரியும் சேர்ந்து என்னைக் காப்பாற்றின. நான் மரியாதை பார்த்து அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பார்க்குக்குள் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோகக் கூடாது. வேறு குடும்பமாக இருந்தால் சாப்பாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும். காதர் மச்சான் ஒரு பெரிய தேக்சா பாத்திரம் நிறைய பிரியாணியோடு வந்திருந்தார். சட்டத்தை மீறக் கூடாது, பிரியாணியும் வீணாகக் கூடாது. ஆகவே கேட்டுக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் பாயை விரித்து, தேக்சாவைக் காலி செய்துவிட்டே உள்ளே போவது என்று முடிவானது. அடுத்த இரண்டு மணி நேரம் நாங்கள் தலைகீழாகத் தொங்கப்போகிறோம் என்பது பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

நான் அரிசியை விரலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாப்ள, கோழி கொத்துற மாரி கொத்துற? எங்கூட்டு பிரியாணி எறங்கலியா?" என்றார் மச்சான்.

"எறங்குது மச்சான்."

"அப்போ இத்தையும் எறக்கு" என்று நல்லி எலும்பு ஒன்றை என் தட்டில் வைத்தார். பிறகு தன் கையாலேயே ஒரு வாய் ஊட்டினார். மூத்த மச்சான் ஊட்டும் வாயை மறுக்க முடியாது. அந்த ஒரு வாய் சாதாரண மனிதனுக்கு ஒரு தட்டு.

உள்ளே போனதும் எல்லோருடைய செருப்பையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டேன். கப்பல் போல ஆடும் கொலம்பஸ், காபிக் கோப்பை போலச் சுற்றும் ஒன்று, எதற்குக் கூப்பிட்டாலும் "பை இருக்கே" என்றேன். பைகள் மீது இவ்வளவு பொறுப்புள்ள மாப்பிள்ளை என்று மாமியார் சந்தோஷப்பட்டார்.

கடைசியில் ராட்டினம் வந்தது. நாலு பேர் உட்காரும் கூண்டு. காதர் மச்சானும் ஏறக் காலைத் தூக்கினார். ஜரீனா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ ஏறுனா கூண்டு அறுந்து வுழும். போய் பையப் பாத்துக்கோ."

"பார்றா, கண்ணாலம் ஆயி நாலு மாசத்துல அண்ணனையே எட போட்டுட்டா" என்று அவர் இறங்கிக்கொண்டார். கதவைச் சாத்த வந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பாய், கீழ பாக்காத. ஆடாம கீற எதுனா ஒண்ணப் பாத்துகினே இரு."

ராட்டினம் கிளம்பியது. மேலே போகும்போது வண்டலூர் மலை தெரிந்தது. அது ஆடவில்லை. அதையே பார்த்தேன். கீழே இறங்கும்போது மலை மறைந்துவிட்டது. மரம், கம்பம், ஜனங்கள், எல்லாம் மேலே ஏறி வந்தன. பார்க்க ஒன்றும் இல்லாமல் எதிரில் இருந்த ஜரீனாவைப் பார்த்தேன். அவள் மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி இருந்தது. உலகமே சுற்றினாலும் எனக்கு நேராக அது மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டாள்.

"உங்களுக்கு என்னப் புடிச்சிருக்கா? இல்ல, வூட்ல சொன்னாங்கன்னு கட்டிக்கினீங்களா?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதே தொண்டையில் காதர் மச்சானின் நல்லி எலும்பும் காத்திருந்தது. வாயைத் திறந்தால் எது முதலில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. இறுக்கி மூடிக்கொண்டேன். ராட்டினம் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது.

"தெரியும்" என்று சொல்லி அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூக்குத்தியும் போய்விட்டது.

நான் வயிற்றை அழுத்திப் பிடித்தேன். மொடமொடவென்று சத்தம் கேட்டது. அவள் திரும்பினாள்.

"இன்னா சத்தம்?"

நான் மூச்சு விட்டேன். அதற்கும் மொடமொடத்தது. அவள் எழுந்து வந்து, எங்கே இருந்து வருகிறது என்று பார்த்து, என் சட்டை நுனியைத் தூக்கி, தினசரியை உருவி எடுத்தாள். அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைக் காட்டிக் கையை ஆட்டினேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத சிரிப்பு. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

"வாயத் தொறக்காதீங்க. ஆமான்னா கண்ண மட்டும் ஒருவாட்டி மூடுங்க. போதும்" என்றாள்.

என் இரண்டாவது விதி அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லவும் வழியில்லை. மலை மறைந்து கூண்டு கீழ்நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடினேன். நன்றாகவே மூடினேன்.

மிச்சச் சுற்றுகளில் அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, கசங்கிய தினசரியை விரித்து எனக்குப் படித்துக் காட்டினாள். எங்கோ தண்ணீர்க் குழாய் உடைந்தது, ஒரு பசு மாடு காணாமல் போனது, தாம்பரத்தில் மின்தடை ஏற்படும் இடங்கள். நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்ததும் காதர் மச்சான் முதல் ஆளாக வந்து கை கொடுத்தார். அவருடைய புதுப் பெருநாள் செருப்பின் மேல்தான் எல்லாம் நடந்தது.

அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "சீரக சம்பா, மாப்ள" என்றார்.

அவர் இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் வண்டி ஷோரூம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு அறை, இரண்டுக்கும் கதவு உண்டு, தடுப்பு என்று எதுவும் கிடையாது. தினசரி வாங்குவதையும் நிறுத்திவிட்டோம், எல்லாம் போனில் வருகிறது. போனை வயிற்றில் கட்டிக்கொண்டு பார்த்தேன், பலன் இல்லை.

கார் மறுபடி ஓர் அடி நகர்ந்து நின்றது. முன்பு ராட்டினம் இருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். வரிசையாக அடுக்கு மாடிகள். அவற்றுக்குப் பின்னால்தான் மலை இருக்க வேண்டும். தெரியவில்லை. ஜரீனா என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே இருந்த விளம்பரப் பலகையைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். ரெண்டு பெட்ரூம், மூணு பெட்ரூம், நீச்சல் குளம், எல்லா வீட்டுக்கும் நல்ல காற்று. டிரைவர் கண்ணாடியில் எங்களை வினோதமாகப் பார்த்தார்.

நான் வழக்கம்போல மூக்குத்தியைத் தேடினேன். அதை மகள் கல்யாணத்தில் மகளுக்குப் போட்டு அனுப்பிவிட்டாள். துளை தூர்ந்து ஒரு சின்னப் புள்ளிதான் மிச்சம்.

"நல்லாத்தான இருக்கீங்க?" என்றாள்.

அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தேன்.