எண் ஒன்றை அழுத்தவும்

என் சித்தப்பாவை அவர் கம்பெனியில் எல்லோரும் "சகோதரி" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பிள்ளைகளே, பல மாதம். ஆறடி உயரம், முறுக்கு மீசை, கழுத்தில் கர்சீப்போடு நடந்து வருகிற ஆளைப் பார்த்து "வா சகோதரி, சாப்ட்டியா?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு செல்போன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு காட்டுப்பாக்கத்தில். நூம்பலில் இருந்த சித்தியும் சித்தப்பாவும் அந்த வருஷம்தான் எங்கள் பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்திருந்தார்கள். சித்தி என் அம்மாவின் தங்கை. முழுகாமல் இருந்தாள். அக்கா பக்கத்தில் இருந்தால் நல்லது என்று வந்துவிட்டார்கள். சித்தி ஒரு குடத்தைத் தொட்டால்கூட அம்மா ஓடிவந்து, "இந்தத் தடவையாவது சொன்ன பேச்சக் கேளுடி" என்று பிடுங்கிக்கொள்வாள்.

சித்தப்பாவுக்கு நசரத்பேட்டையில், கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து இருந்த ஒரே செல்போன் அவருடையது.

அந்தப் போனுக்குப் புதன்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்கு ஒரு அழைப்பு வரும். வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு திட்டம் அது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கும் போன் வழியாகவே நல்லது சொல்லித் தருவது. வயிற்றில் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, என்ன சாப்பிட வேண்டும், எது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று வாரம் கொஞ்சமாகச் சொல்வார்கள். பேசுவது பதிவு செய்த குரல். ஆனால் அந்தக் குரலில் இருந்த மரியாதையை எங்கள் தெருவில் யார் வாயிலும் நான் கேட்டதில்லை.

"வணக்கம் சகோதரி. இது உங்களுக்கு இருபதாவது வாரம்..."

இதில் ஒரு சிக்கல். போன் ஒருமுறை தண்ணீர் பக்கெட்டில் விழுந்ததிலிருந்து காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். காலை ஷிப்ட் வாரமென்றால் சித்தப்பா மாலையில் வீட்டில் இருப்பார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். மதிய ஷிப்ட் வாரமென்றால் ஆறரை மணி கம்பெனியில் டீ நேரம். மொத்த கேன்டீனுக்கும் கேட்கும். சித்தப்பா அங்கே கேட்டதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து சித்தியிடம் ஒப்பிக்க வேண்டும்.

முதல் தடவை கேன்டீனில் "வணக்கம் சகோதரி" என்று போன் சொன்னபோதே பெயர் வைத்தாகிவிட்டது. பிறகு அவர்களுக்கும் அது பழகிப்போனது. "மாமே, போன தடவ மாங்கா சைஸுன்னாங்க, இந்த வாரம் இன்னா காய்?" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்காருவார்களாம். சத்து மாத்திரை போட்டதும் டீ குடிக்கக் கூடாது என்று குரல் சொன்ன அன்று சித்தப்பாவின் டீயை ஒருவர் எடுத்துக் குடித்துவிட்டார். "உன் நல்லதுக்குத்தான் சகோதரி" என்றாராம்.

வீட்டில் போனைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. எல்லோருக்கும் நடுவில் தட்டு ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொள்வேன். சித்தப்பா பதிவு செய்த குரலுக்கு "சரிங்க மேடம்", "செஞ்சிடறோம் மேடம்" என்று பதில் சொல்வார். சித்தி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

கடைசியில் அந்தக் குரல், "குழந்தை பிறந்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும். சொன்ன உடனே சித்தப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்துவிடுவார். வாராவாரம் இப்படித்தான். ஒன்றுக்கு அப்புறம் அந்தக் குரல் அக்கா என்ன சொல்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு மரியாதையாக ஒருவர் அழுத்தச் சொல்கிறார். ஒரு வாரமாவது யாராவது அழுத்தினார்களா?

ஏழாவது மாதம். ஒரு புதன்கிழமை எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். குரல் முடியப் போகிற நேரத்தில் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அந்த ஹாரனுக்கு எங்கள் தெருவில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அம்மா குடத்தோடு ஓடினாள். சித்தியும் எழுந்தாள். "நீ எங்க கெளம்புற? குந்து!" என்று அவளை உட்கார வைத்துவிட்டு, சித்தப்பா மூன்று குடத்தோடு ஓடினார். அவர் சரியாகப் பிடிக்கிறாரா என்று பார்க்க, சித்தி வாசல் வரை போனாள். போன் என் கையில்.

"குழந்தை பிறந்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்" என்றார் அக்கா.

அழுத்தினேன்.

"நன்றி. உங்கள் தகவல் பதிவு செய்யப்பட்டது."

நன்றி சொன்னார், பிள்ளைகளே! எனக்கு என்ன பெருமை தெரியுமா? யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த புதன் சித்தப்பாவுக்கு மதிய ஷிப்ட். கேன்டீனில் எல்லோரும் டீயோடு சுற்றி உட்கார்ந்திருக்க, போன் அடித்தது.

"வாழ்த்துகள் சகோதரி! தாயாகிவிட்டீர்கள். உங்கள் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே..."

கேன்டீனே எழுந்து கத்தியதாம். விசில் அடித்தார்கள், மேஜையைத் தட்டினார்கள், ஒருவர் சித்தப்பாவைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அங்கே கூத்தாடாத ஒரே ஆள் சித்தப்பாதான். "ஏழு மாசந்தான்டா ஆவுது" என்று மட்டும் சொன்னாராம். அவருடைய கூட்டாளி, கல்யாணமாகாத ஒரு அண்ணன், தன் பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பூந்தமல்லியில் ஒரு நிமிஷம் நிறுத்தி அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கியதற்கு, வழி முழுக்கத் திட்டு வாங்கியதாகப் பின்னால் சொன்னார்.

அவர்கள் வந்து இறங்கியபோது சித்தி வாசல்படியில் உட்கார்ந்து மிளகாய்த்தூள் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஒரு துண்டுக்காகக் காத்திருந்தேன்.

சித்தப்பா ஓடிவந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"புள்ள எங்க?"

"எந்தப் புள்ள?"

"நம்ம புள்ள!"

சித்தி கையிலிருந்த மாங்காய்த் துண்டால் தன் வயிற்றைக் காட்டினாள். "இங்கதான் கீது. அது எங்க போவப் போவுது?"

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பைக் அண்ணன் ஜாங்கிரிப் பொட்டலத்தை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "அக்கா, பொறந்துடுச்சுன்னு போன்ல சொன்னாங்கக்கா."

"எனக்குத் தெரியாம எப்டிடா பொறக்கும்? நான் இன்னா தூங்கிகினா இருந்தேன்?"

அம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். போன வாரம் லாரி வந்த நேரத்தில் போன் யார் கையில் இருந்தது என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அவள் கை என் முதுகில் விழுந்துவிட்டது.

"அந்த அக்காதான் அழுத்தச் சொன்னாங்க" என்று அழுதேன்.

சித்தப்பா என்னை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினார். அடுத்த அடி இவரிடமிருந்து என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு மட்டுந்தான அமுக்குன?"

"ஆமா சித்தப்பா."

"ரெண்டு மேல கை படலியே?"

"இல்ல சித்தப்பா."

"நெசமா?"

மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் பைக் அண்ணன் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, முதல் ஜாங்கிரியை எனக்குக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், ஒயரில் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து, ஒரு துண்டு கிழித்து, போனில் இரண்டாம் எண் மேல் அழுத்தி ஒட்டினார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் தப்பு செய்தது ஒன்றில். அவர் தண்டனை கொடுத்தது இரண்டுக்கு.

மறுநாள், சித்தியின் பெயரைப் பதிவு செய்திருந்த திட்டத்து அக்கா ஸ்கூட்டியில் வந்தார். நோட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"கம்ப்யூட்டர்ல பொறந்துடுச்சுங்க. வெளிநாட்டு ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சு. பொறந்தத திரும்ப வயித்துக்குள்ள அனுப்புறதுக்கு அதுல வழி இல்ல."

"அப்போ இனிமே?"

"குழந்தைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் பால் குடுக்குறது, தடுப்பூசின்னு அந்த மெசேஜ்தான் வரும்."

சித்தி முகம் வாடிப்போனது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எது வந்தால் ஓட வேண்டும் என்று இனி யார் சொல்வார்கள்?

"ஒரு வழி இருக்கு" என்றார் அக்கா. "அடுத்த வாரம் போன் வந்தா ரெண்ட அமுக்கிடுங்க. இந்தப் பதிவு மூடிடும். இதே நம்பர்ல புதுசாப் போட்டுக்கலாம்."

அவ்வளவு சுலபமான வழி. ஆனால் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "அது மட்டும் வேணாம்மா."

அக்கா அவரையும் சித்தியையும் பார்த்தார். நோட்டை ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "வேற யாராவது நம்பர் குடுங்க" என்றார்.

அப்படித்தான் பைக் அண்ணனின் நம்பரில் சித்தியின் பெயர் ஏறியது. அதன் பிறகு நடந்த கூத்து கொஞ்சமா? சித்தப்பாவின் போன், பிள்ளைக்கு இத்தனை வாரம் ஆகிவிட்டது, தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்கும். அண்ணனின் போன், பிள்ளை இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது என்று சொல்லும். ஒரு புதன்கிழமை அண்ணனின் போனை அவர் அம்மா எடுத்துவிட்டார். "சகோதரி, இது உங்களுக்கு முப்பத்து மூன்றாவது வாரம்" என்று கேட்டதும், மகனைச் சட்டையோடு பிடித்துக்கொண்டாராம். "யார்ரா அவ? எந்த ஊரு? சொல்லித் தொல, கட்டியாவது வெச்சிடறேன்!" சித்தப்பா நேரில் போய் விளக்கிய பிறகுதான் விட்டார்.

அண்ணனின் போனிலும் சித்தப்பா டேப் ஒட்டியிருந்தார்.

"மாமே, எங்க அம்மா நம்பர்லயே மூணு ரெண்டு கீது. நான் எப்டி போன் பண்றது?"

"ஊட்டுக்குப் போய் நேர்ல பேசு. அம்மா சந்தோசப்படும்."

முப்பத்தாறாவது வாரம் குரல் சொன்னது: கை, கால், முகம் வீங்கி, தலைவலி விடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துச் சித்திக்கு முகம் உப்பி, தலை வலித்தது. சூடாக இருக்கும் என்றாள் அம்மா. சித்தப்பா கேட்கவில்லை, ஆட்டோ பிடித்துவிட்டார். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த வாரமே என் தங்கை பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு, சத்தம் ரொம்ப அதிகம். முதலில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டரில் பிறந்து, பிறகு இங்கே பிறந்தவள் என்பதால் கம்பெனியில் அவளுக்கு ஃபாரின் பாப்பா என்று பெயர்.

அடுத்த புதன் பைக் அண்ணன் தன் போனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். குரல், "குழந்தை பிறந்திருந்தால்" என்று தொடங்கியதும் சித்தப்பா என்னைத் தேடினார்.

"வாடா. இப்ப அமுக்கு."

அழுத்தினேன். நன்றி என்றார் அந்தக் குரல் அக்கா. சித்தப்பா இரண்டு போனிலிருந்தும் டேப்பை உரித்து, சின்ன உருண்டையாக உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போன வருஷம் என் மனைவி இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது எங்கள் போனுக்கும் இப்படி ஒரு குரல் வந்தது. கடைசி வரை கேட்டேன். குழந்தை பிறந்திருந்தால் எண் ஒன்று. கர்ப்பம் பாதியில் கலைந்திருந்தால் எண் இரண்டு.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். நூம்பலில் இருந்தபோது சித்திக்கு ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருக்கிறது. அப்போதும் அதே போன், அதே குரல். சித்தி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். புதன்கிழமை போன் வருகிறது, பிள்ளைக்கு இந்த வாரம் விரல் நகம் வளர்ந்திருக்கும் என்று சொல்கிறது. அழுத்தாவிட்டால் வாராவாரம் அது இப்படி வளர்ந்துகொண்டே இருக்கும். சித்தப்பா தெருமுனைக்குத் தனியாகப் போய் நின்று இரண்டை அழுத்தியிருக்கிறார். நன்றி, உங்கள் தகவல் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லியிருக்கும்.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், தப்பு செய்த பையனுக்கு ஜாங்கிரி கொடுக்கிற ஒரே ஆள் இந்த ஊரில் என் சித்தப்பாதான் என்பது மட்டுமே.