பேர் சொல்லி வந்த டிரங்க் கால்

எங்கள் கடைக்கு டெலிபோன் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செஞ்சி பஜாரில் மாமனாருக்கு ஹார்டுவேர் கடை. கம்பி, ஆணி, கயிறு விற்றவர், கிராமங்களுக்குக் கரண்ட் வர ஆரம்பித்ததும் பம்புசெட்டு சாமான்களும் வாங்கி வைத்தார். கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் நீளமான ஒரு நடை, அதன் முடிவில் ஒரு துணித் திரை. மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் நானும் நாத்தனாரும்தான் பெண்கள். நாங்கள் இருவருமே அந்தத் திரையைத் தாண்டி முன்பக்கம் போனது கிடையாது.

அந்த டெலிபோனில் டயல் இல்லை. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சுக்காரர் எடுப்பார். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணமாகப் போட்டால் சாயங்காலம் வரைகூட ஆகும். அர்ஜென்ட் என்றால் கொஞ்சம் சீக்கிரம், லைட்னிங் என்றால் எல்லோருக்கும் முன்னால். இது போக பி.பி. கால் என்று ஒன்று இருந்தது. இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று பேர் சொல்லி புக் பண்ணுவது. அந்த ஆளே வந்து 'நான்தான்' என்று சொன்னால் மட்டும் எக்ஸ்சேஞ்சுக்காரர் லைன் கொடுப்பார். இதையெல்லாம் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே எனக்குச் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன். நமக்கு எதற்கு என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் கோயம்புத்தூருக்கு மோட்டார் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஒரு வாரத்தில் வருகிறேன் என்றவர். ஒரு கார்டு கூட வரவில்லை. அதற்கு முன் இரண்டு மாதமாகவே அவருக்கு இருமல். சாயங்காலம் ஆனால் உடம்பு கணகணவென்று இருக்கும். கடையில் இரும்புத் தூசி, வேறொன்றுமில்லை என்பார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். திண்டிவனத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து கடையில் உட்கார்ந்திருந்தார். நாத்தனாருக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா அவர். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போக வந்திருந்தார். நான் கொல்லையில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நாத்தனார் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணி, உங்களுக்கு போனு. உங்க பேர சொல்லிக் கேக்கறாங்களாம். நைனா கூப்புடறாரு."

"எனக்கா? யாரு?"

"அண்ணன்தானாம். நைனா கேட்டாரு, குடுக்கமாட்டேங்கறாங்க. நீங்களே வரணுமாம்."

ஈரக் குழந்தையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நடையில் நடந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் வரும்போதே மாமனாரின் குரல் கேட்டது.

"நான் அவன் நைனாதான்யா. எங்கிட்ட சொன்னா இன்னா? ... சரி, சரி. வருது."

நான் கடைக்குள் நுழைந்ததும் அவர் ரிசீவரை என் கையில் கொடுத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. கோபம் என்று நினைத்தேன். அந்த வீட்டில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணவர்கூட 'இந்தா' என்பதோடு சரி. அந்தப் பேரை இப்போது எக்ஸ்சேஞ்சுக்காரர் கேட்டு, மாமனார் திருப்பிச் சொல்லி, சம்பந்தி வீட்டுக்காரர் காதிலும் விழுந்திருக்கிறது. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"நீங்கதானா?" என்று எக்ஸ்சேஞ்சுக்காரர் என் பேரைச் சொல்லிக் கேட்டார். ஆமாம் என்றேன். "பேசுங்க" என்றார்.

"நான்தான்" என்றது கணவரின் குரல், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து. "பக்கத்துல நைனா இருக்காரா?"

"ம்."

"அப்ப நீ ஒண்ணும் கேக்காத. நான் சொல்றத மட்டும் கேளு. நான் தாம்பரத்துல இருக்கறேன். ஆஸ்பத்திரியில சேத்துக்கினாங்க. எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் கறை இருக்குதாம்."

"கறையா?" என்று கத்திவிட்டேன். லைனில் அவ்வளவு இரைச்சல், கத்தினால்தான் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கத்தாத. ஆறேழு மாசம் ஆவுமாம். ஊசி போட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. நைனாவுக்குத் தெரியவே கூடாது. நான் கோயம்புத்தூர்லயே இருக்கறன்னு சொல்லு. வேல முடியலன்னு சொல்லு. கேக்குதா?"

"கேக்குது."

"புள்ளைய டாக்டர் கிட்ட காட்டு. நீயும் காட்டிக்கோ. என் டம்ளரு, துண்டு, தலகாணி ஒறை எல்லாத்தையும் கொதிக்கற தண்ணில போடு. புள்ளைக்கு முத்தம் குடுத்துக்கினே இருந்தன், எனக்குத் தெரியாது..." என்றவர் நிறுத்தினார். குழந்தை என் கையிலிருந்த ரிசீவரைப் பிடித்து இழுத்தது. அதன் விரலைப் பிரித்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தேன். என்னென்னவோ கேட்க வேண்டும். சாப்பாடு எப்படி, யார் கூட இருக்கிறார்கள், ரத்தம் வந்ததா. நான்கு அடி தள்ளி மாமனார், எட்டு அடி தள்ளி சம்பந்தி வீட்டுக்காரர். "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"மூணு நிமிஷம் ஆச்சு" என்று எக்ஸ்சேஞ்சுக்காரர் நடுவில் புகுந்தார். அவ்வளவு நேரமும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைன் போய்விட்டது.

நான் திரும்பியபோது மாமனார் எதுவும் கேட்கவில்லை. பெரியவர்தான் கேட்டார்.

"இன்னாம்மா, மூத்தவரு எங்க இருக்காராம்? ஏதோ கறைன்னியே?"

"கோயம்புத்தூர்லதான். சரக்கு மழையில நனைஞ்சு கறை படிஞ்சிருக்குதாம். வேற பாத்து எடுத்துக்கினு வர நாளாவுமாம்."

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"எத்தினி நாளாவுமாம்?"

"அது சொல்லல. லைன் கட்டாயிடுச்சு."

பெரியவர் மாமனார் பக்கம் திரும்பினார். "கூடப் பொறந்தவன் இல்லாம நாள் குறிக்க முடியாது பாருங்க. எங்க அண்ணன் அதத்தான் கேட்டுக்கினு வரச் சொன்னாரு. போனுதான் இருக்குதே, நீங்களே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நான் இருந்தே தெரிஞ்சுக்கினு போறேன்."

மாமனார் கொஞ்ச நேரம் டெலிபோனையே பார்த்தார். பிறகு கைப்பிடியைச் சுற்றினார். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு ஆட்கள் வழக்கமாகத் தங்கும் லாட்ஜின் பேரைச் சொல்லி, மகன் பேருக்கு பி.பி. கால் கேட்டார். "ஆர்டினரியே போதும்" என்றார்.

"ஆர்டினரின்னா பொழுது போயிடும்" என்றார் பெரியவர். "அர்ஜென்டா போடச் சொல்லுங்க."

மாமனார் மறுபடியும் சுற்றி அர்ஜென்ட் என்று சொன்னார்.

நான் உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். என் கணவர் அந்த லாட்ஜில் இல்லை. மணி அடித்ததும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எக்ஸ்சேஞ்சுக்காரர் சொல்லப் போகிறார். மாமனார் அந்தப் பெரியவர் எதிரில் என்னைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார். சொன்னால் நாத்தனார் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் மாமனார் மகனை ஊர் ஊராகத் தேடுவார்.

எழுந்து கணவரின் டம்ளரை எடுத்தேன். துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் அண்டாவில் போட்டு அடுப்பை மூட்டினேன். நாத்தனார் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"டம்ளரையும் துண்டையும் ஒண்ணா எதுக்கு அண்ணி போடறீங்க?"

"சும்மாதான்."

அவள் மறுபடியும் அரிவாள்மனையை இழுத்துக்கொண்டாள்.

வந்தவருக்குச் சமைத்துப் போட வேண்டியிருந்தது. சாதம், கத்தரிக்காய்க் குழம்பு, வேர்க்கடலைத் துவையல். பரிமாறும்போதெல்லாம் காது கடைப்பக்கமே இருந்தது. மதியம் ஒரு மணிக்கு டெலிபோன் அடித்தது. என் கையிலிருந்த கரண்டி இலையிலேயே விழுந்தது. சிங்கவரத்து விவசாயி ஒருவருக்கு மோட்டார் வந்துவிட்டதா என்று கேட்க யாரோ கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு எக்ஸ்சேஞ்சுக்காரரே கூப்பிட்டு லைன் கிடைக்கவில்லை, காத்திருக்கிறீர்களா என்று கேட்டாராம். மாமனார் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவர், இருக்கட்டும், இருக்கட்டும் என்றுவிட்டார்.

வெயில் ஏறி, மலைப்பாறையின் சூடு பஜாருக்குள் இறங்கும் நேரம் அது. பெரியவர் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் திரை வரைக்கும் போனேன். நைனாவுக்குத் தெரியவே கூடாது என்ற குரல் காதிலேயே இருந்தது. மூன்று தரமும் திரும்பி வந்தேன்.

மூன்றரை மணிக்கு அடித்தது. நீளமான மணி, டிரங்க் கால். நான் திரைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹலோ" என்றார் மாமனார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரு, நீயாடா?" என்றார் அவர். "நல்லா இருக்கியா? சாப்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கணம், ஒருவேளை கணவர் கோயம்புத்தூரில்தான் இருக்கிறாரோ, காலையில் கேட்டதெல்லாம் பொய்யோ என்று கூடத் தோன்றிவிட்டது.

"ஆமா, ஆமா. மெதுவா பாத்து எடுத்துக்கினு வா. உடம்ப பாத்துக்கோ. இங்க தங்கச்சி நிச்சயத்துக்கு நாள் கேக்கறாங்க... அப்படியா? சரி, அதையே சொல்லிடறேன்."

"குடுங்க, நானும் ஒரு வார்த்தை பேசறேன்" என்று பெரியவர் எழுந்து வரும் சத்தம் கேட்டது.

"ஹலோ, ஹலோ... அடடா, கட்டாயிடுச்சு." மாமனார் ரிசீவரை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது. "அவன் வர ஒரு மாசம் ஆவுமாம். அதுக்கப்புறம் எந்த நாளா இருந்தாலும் சரின்றான்."

பெரியவருக்குத் திருப்தி. நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவர் தெரு திரும்பும் வரை வாசலில் நின்றிருந்த மாமனார், கடையை அப்படியே போட்டுவிட்டு நடையில் வந்தார். என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எந்த வார்டும்மா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றேன்.

"காலைல போன எடுத்ததுமே, தாம்பரத்துலருந்து டிரங்க் காலுன்னான் எக்ஸ்சேஞ்சுக்காரன். தாம்பரம்னா எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் டி.பி. வந்து அங்கதான் போனாரு. நான்தான் போய்த் தூக்கிக்கினு வந்தேன்." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "அத நெனச்சுத்தான் அவன் எங்கிட்ட சொல்லல."

"வார்டு கேக்கலைங்க மாமா. கேக்க முடியல. ஊசி போட்டா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாராம். இப்பல்லாம் சரியாயிடுதாம்."

"லாட்ஜுல அப்படி ஆளே இல்லன்னுதான் சொன்னான் எக்ஸ்சேஞ்சுக்காரன். அதுக்கு மேல நான் பேசனதெல்லாம் வெறும் போன்ல."

பின்னாலிருந்து நாத்தனார் குரல் வந்தது. அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடுங்க நைனா."

"சொன்னா இந்தச் சம்பந்தம் நிக்காதும்மா."

"சொல்லாம பண்ணி வெச்சு, நாளைக்கு அவங்களே தெரிஞ்சுக்கினா? அண்ணனப் பாக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா யாருகிட்ட பொய் சொல்லிட்டுப் போவேன்?" அவள் அழவில்லை. ஆனால் கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்க இடம் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த மாப்பிள்ளையின் போட்டோவைப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

மாமனார் எழுந்து கடைப்பக்கம் போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் தாம்பரம் போனோம். மாமனார், நான், குழந்தை. கணவர் வராந்தாவில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பார்வை.

"அது ஒண்ணும் சொல்லல" என்றார் மாமனார். "உக்காருடா."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் பத்தடி தள்ளியே நிற்க வேண்டியிருந்தது. அங்கே டாக்டரிடம் கேட்டு எனக்கும் குழந்தைக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். முடிவு தெரிய இரண்டு நாள் ஆனது, பக்கத்திலேயே ஒரு சத்திரத்தில் தங்கினோம். அந்த இரண்டு நாளும் நான் குழந்தையின் ஒவ்வொரு தும்மலையும் எண்ணிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத பசிதான் வந்தது.

திரும்பும் வழியில் மாமனார் திண்டிவனத்தில் எங்களை பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு, உண்மையைச் சொல்லத் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்களாம், நன்றாகப் பேசினார்களாம். பத்து நாள் கழித்து, ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டியதில் பொருத்தம் சரியில்லை என்று கார்டு வந்தது. அதை நாத்தனாரே தபால்காரரிடம் வாங்கிப் படித்துவிட்டு நைனாவிடம் கொடுத்தாள். போட்டோவையும் எடுத்துக் கொடுத்து, திருப்பி அனுப்பச் சொன்னாள். ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை, என்னோடும்கூட. எட்டாவது நாள் தாம்பரத்துக்கு முட்டையும் வேர்க்கடலை உருண்டையும் கட்டும்போது, நானும் வருகிறேன் என்றாள். அவளுக்கு இரண்டு வருஷம் கழித்துத் தொண்டூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கல்யாணம் ஆனது. எல்லாம் தெரிந்துதான் கேட்டு வந்தார்கள்.

கணவர் பங்குனியில் வீடு வந்தார். போனபோது இருந்ததைவிடச் சதை பிடித்திருந்தார். குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. இனிமேல் தொட்டுத் தூக்கலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். ஆனாலும் அவர் கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு கிட்டே வராமல் இருந்தார். குழந்தைக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. என் முழங்காலைக் கட்டிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்துவிட்டு, உலையில் அரிசி போட உள்ளே போனேன். வீறிட்டு அழுதது. நான் திரும்பிப் போகவில்லை.