திறக்காத நோட்டு

இருபத்திரண்டு வருஷம் சினிமாவில் குப்பை கொட்டியும் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவர் 'நோட்டு அண்ணன்'தான். ஒரு காட்சியை இன்று பாதி, அடுத்த வாரம் மீதி எடுப்பார்கள். ஹீரோவின் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று எழுதிவைத்துச் சொல்வது அவர் வேலை. நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அதில் அவருக்கு அப்படியொரு கெத்து.

பொருள்கள் இடம் மாறுவதையே பார்த்துக் கிடந்த மனிதருக்கு ஒரு கதை தோன்றியது. கொலையைப் பார்த்த ஒரே சாட்சி ஒரு காவலாளி. கொலைகாரன் அவனை மிரட்டுவதில்லை. தினமும் அவன் அறைக்குள் நுழைந்து ஏதாவது ஒரு பொருளை மாற்றிவைக்கிறான், அவ்வளவுதான். கடைசியில் கோர்ட்டில் காவலாளி, "எனக்கே சந்தேகமா இருக்கு" என்று சொல்லிவிடுகிறான். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இதை இயக்குநரிடம் வாய் வலிக்கச் சொன்னார். அந்த ஆள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

இரண்டு வருஷத்தில் படம் வந்தது. கோர்ட் காட்சிக்குத் தியேட்டரே கைதட்டியது. கதை என்ற இடத்தில் இயக்குநரின் பெயர். வயிறு எரியாதா? கதை என்னுடையது என்று எழுத்தாளர் சங்கத்தில் மனு கொடுத்தார். கதை சொன்ன தேதியைக்கூட ஞாபகத்திலிருந்தே எழுதினார்.

விசாரணையில் இயக்குநர் குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, நீங்க எதையும் மறக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். கதை சொன்னப்ப நான் என்ன சட்டை போட்டிருந்தேன்?"

"நீலம்."

இயக்குநர் ஒரு ஃபோட்டோவை மேஜையில் வைத்தார். அதன் மூலையில் மனுவில் இருந்த அதே தேதி. அதில் அவர் போட்டிருந்தது காப்பிக்கலர் சட்டை.

"இப்ப நிச்சயமா சொல்ல முடியுமா?" என்று கேட்டார் சங்கத் தலைவர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது தப்பாகிப்போனது. சட்டையே தப்பென்றால் மற்றது மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

"எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். மனுவைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார்.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள்.

"காலையில காப்பிக்கலர்தான் போட்டிருந்தாரு. அப்புறம் மேல டீயக் கொட்டிக்கிட்டு, ஹீரோவோட நீலச் சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டாருன்னு நீங்கதானே வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க? நோட்டப் பாத்தீங்களா?"

விசாரணை முழுக்க அந்த வருஷத்து நோட்டு அவர் மடியில்தான் இருந்தது. இப்போது திறந்தார். அந்தத் தேதிக்குக் கீழே அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'நீல மாற்றுச் சட்டை இயக்குநரிடம். மதிய ஷாட்டுக்குக் கிடைக்காது.'

"டீயக் கொட்டிக்கிட்டவருக்கு அது ஞாபகம் இல்லாமலா இருக்கும்?" என்றாள் மனைவி.

அவர் நோட்டை மூடினார்.

"இருந்திருக்கும். நான் இதத் திறக்க மாட்டேங்கிறதும் அவனுக்குத் தெரியும்."