மணமகள் ஏறும் கதவு

கலியாணக் காரின் உள்பக்கத்தைத் துப்புரவாக்குவது மெற்றில்டாவின் வேலை. வெளிப்பக்கம் அவள் புருஷன் பற்றிக்கினுடையது. வேதக் கோவில் கலியாணம் என்றால் சீற்றுக்கு அடியில் கலர்க் கடதாசித் துண்டுகள் கிடக்கும். வெள்ளவத்தைப் பக்கத்துச் சைவக் கலியாணம் என்றால் மஞ்சள் அரிசி. அரிசி கையோடு வந்துவிடும். கடதாசிதான் பொல்லாதது. கார்ப்பெற்றில் ஒட்டிக் கிடந்து, அடுத்த மணமகளின் சேலையில் ஏறிப் போகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் காரை ஏற்றிப் போக லொறி வருகிறது. விற்றுப் போகிற காரை எதற்கு இவ்வளவு வடிவாகத் துடைக்கிறேன் என்று மெற்றில்டாவுக்கே விளங்கவில்லை. பழைய பல் பிரஷால் சீற்று மடிப்புகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளை நிற பென்ஸ், டீசல். பற்றிக் ஒரு தேயிலைக் கொம்பனியில் டிரைவராக இருந்தவன். டைரக்டர் நாட்டைவிட்டுப் போகும்போது தன் காரின் சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். காரை அவன் கொட்டாஞ்சேனை வீட்டின் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் கொண்டுவந்து நிறுத்திய அன்று மெற்றில்டா வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கிழட்டுச் சாமானை எங்க வைக்கப் போறீங்க? என்ட குசினி அடுப்புக்குப் பக்கத்திலயா?"

அவள் இரும்பைப் பார்த்து வியக்கிற ஆள் இல்லை. முகத்துவாரத்தில் பிறந்தவள். தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவளும் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்ட்டில் கிளார்க். இரும்பு என்பது அவளுக்கு அடுக்கி வைக்கிற பொருள், அவ்வளவுதான்.

முதலில் அவளை மயக்கியது கதவு. அதை அடித்துச் சாத்தத் தேவையில்லை. தள்ளிவிட்டால் போதும், தன் கனத்திலேயே போய், ஒரு தடித்த புத்தகத்தை மூடின மாதிரி அமரும். பிறகு பின் சீற்றின் தையல் விட்டபோது உள்ளே பார்த்தாள். ஸ்பொஞ்சு இல்லை, இறப்பர் சேர்த்து அமத்தின தும்பு.

"இஞ்ச பாருங்க, ஜேர்மன்காரன் நம்மட தேங்காய்த் தும்பை வச்சிருக்கான்!"

"நீர்கொழும்புப் பக்கம் வந்து வாங்கியிருப்பான்" என்றான் பற்றிக்.

வெயிலில் நின்ற காரில் ஏறினாலும் அந்தச் சீற்று முதுகைச் சுடுவதில்லை, வேர்வை பிடிப்பதுமில்லை. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினாள். பின் லைற் ஏன் வரிவரியாக இருக்கிறது என்று ஒரு மழைநாளில் கண்டுபிடித்தாள்: சேறு மேட்டில் படிகிறது, பள்ளம் துப்புரவாக இருக்கிறது, எவ்வளவு அழுக்கானாலும் வெளிச்சம் தெரிகிறது. யாரோ ஒருவர் சேற்றைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வீட்டில் சேற்றைப் பற்றி யோசிக்கிற ஒரே ஆள் தான்தான் என்று அதுவரை நினைத்திருந்தவளுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

எல்லாவற்றிலும் பெரிது அந்தப் பூட்டு. டிரைவர் கதவில் சாவியைத் திருப்பினால் மற்றக் கதவுகளின் பூட்டு முளைகளும் தாங்களாகவே இறங்கும். சத்தமில்லை. ஒரு பெருமூச்சு மாத்திரம்.

"கரண்ட் இல்ல, மெற்றி. என்ஜின் காத்தை உறிஞ்சுது. அந்த உறிஞ்சல் சின்னக் குழாய்களுக்குள்ளால கதவு கதவாப் போய் முளையை இழுக்குது" என்று பற்றிக் சொல்லியிருந்தான். "என்ஜினை நிப்பாட்டுறதும் அதே உறிஞ்சல்தான். டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லைத்தானே. சாவியை எடுத்தாலும் அதுபாட்டுக்கு ஓடும். உறிஞ்சல் அங்க வந்து டீசலை மூடினாத்தான் நிக்கும்."

கொஞ்சக் காலமாக அந்த நிப்பாட்டல்தான் பழுதாகியிருந்தது. சாவியைக் கழற்றி சட்டைப் பைக்குள் போட்ட பிறகும் என்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். கராஜில் என்ஜின் பக்கத்து உதிரிப்பாகத்தை மாற்றினார்கள், குழாய்களைப் பார்த்தார்கள், நிற்கவில்லை. முன்னால் போனெற் மூடியைத் திறந்து ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால்தான் அடங்கும். பேய் பிடித்த கார் என்று பற்றிக் ஏசினான்.

"அது பேய் இல்லை டடா" என்றாள் மகள் ஷெரோமி. "ரிட்டயர் பண்ணச் சொல்லியும் கதிரையை விடாத ஒபிஸ் ஆள்."

பற்றிக் சிரித்தான். ஆனால் நேற்று, சொந்தப் பங்குக் கோவில் வாசலில், சிரிக்க முடியவில்லை. மணமகள் இறங்கிவிட்டாள், பாட்டுக்குழு தொடங்கிவிட்டது, கார் மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. வீடியோக்காரன் "அய்யே, ஓஃப் கரன்ன!" என்று நிப்பாட்டச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். பற்றிக் கோட்டும் டையுமாகப் போனெற்றுக்குள் தலையை விட்டான். வெள்ளைக் கையுறை கறுத்தது. அதையும் வீடியோ எடுத்தார்கள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் வெள்ளவத்தையில் கலியாண மண்டபம் வைத்திருக்கிற கஜேந்திரனுக்குப் போன் போட்டான். அந்தாள் பலநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"என்ஜின் நிக்காட்டி என்ன அண்ணை? நான் அதைக் கழட்டத்தானே போறன்" என்று கஜேந்திரன் ஸ்பீக்கரில் சொன்னது மெற்றில்டாவுக்குக் கேட்டது. "மண்டப வாசல்ல நிப்பாட்டிப் பூப் போட்டு விட்டா, பொம்பிளை மாப்பிள்ளை இருந்து போட்டோ எடுப்பினம்."

அவள் அன்றிரவு சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் படுத்தாள். அவளுடைய கலியாணத்துக்குப் பிறகு அப்படி நடந்ததில்லை.

இப்போது பற்றிக் காரை ஒழுங்கை வாசலுக்குத் திருப்பி நிறுத்தி, சாவியை எடுத்தான். வழக்கம்போல் அது ஓடிக்கொண்டே இருந்தது. "கிடக்கட்டும், கையைக் கழுவிட்டு வந்து அமத்துறேன்" என்று உள்ளே போனான்.

மெற்றில்டா பின் இடதுபக்கக் கதவுக்கு வந்தாள். மணமகள் ஏறுகிற கதவு அது. அதன் உள்பக்கத்தில் பற்றிக் ஒரு சின்ன அலுமினிய ஸ்டாண்ட் பூட்டியிருந்தான், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் ஆசீர்வதித்த தண்ணீர்ப் போத்தலுக்கு. ஏறுகிற மணமகள் விரலில் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்ளட்டும் என்று அவனே யோசித்துச் செய்தது. அதன் ஸ்க்ரூ ஒன்று ஆடியது. பிரஷை வைத்துவிட்டுத் திருகினாள். ஸ்டாண்ட் கையோடு வந்தது. கதவின் உள்தட்டும் கீழ் மூலையில் கொஞ்சம் விலகியது.

உள்ளே ஒரு மெல்லிய மஞ்சள் குழாய். அதில் நீலக் கடதாசித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணாடி இடுக்கால் விழுந்திருக்கும். அதைப் பிடுங்கினாள். விட்டதும் அது ஓடிப்போய் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டது.

அவள் திரும்பவும் பிடுங்கினாள். கடதாசிக்குக் கீழே ஊசி குத்தின மாதிரி ஒரு துளை. மெல்லிய சீறல். அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. பால் பொங்கினால் அடுப்பை அணைக்கிற கை மாதிரி, விரல் போய் அந்தத் துளையை அடைத்தது.

விரல் நுனியைக் குழாய் உறிஞ்சியது. ஒரு குழந்தையின் வாய் மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முன்னால், போனெற்றுக்குள், அந்தத் தடதடப்பு ஒருமுறை குலுங்கியது, தடுமாறியது, நின்றது.

ஒழுங்கை முழுவதும் அமைதி. யாருடைய வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

மெற்றில்டா விரலை எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய என்ஜின், பின் கதவில் இருக்கிற அவள் விரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. யாரோ, எங்கேயோ, இந்தக் கதவையும் அந்த என்ஜினையும் ஒரே மூச்சில் கோர்த்திருக்கிறார்கள். இத்தனை காலம் அந்த மூச்சு அறுந்துபோகாமல் ஓடியிருக்கிறது. கோவிலில் குருவானவர் நற்கருணையை உயர்த்தும்போது நிற்கிற மாதிரி அவள் அசையாமல் நின்றாள்.

அவள் உள்ளே போனபோது பற்றிக் கை துடைத்துக்கொண்டிருந்தான். "நிண்டுட்டுதே! நீ போனெற்றைத் திறந்தியா?"

"இல்லை. கதவால நிப்பாட்டினேன்."

"கதவாலயா?"

"மம்மி கோவத்துல அடிச்சுச் சாத்தியிருப்பா" என்றாள் ஷெரோமி. "அது பயந்து நிண்டிருக்கும்."

மெற்றில்டா ஸ்டாண்டையும் ஸ்க்ரூவையும் மேசையில் வைத்தாள். ஸ்க்ரூ நுனியில் மஞ்சள் பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. பற்றிக் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அந்தோனியாரையா குற்றம் சொல்றாய்?"

"அந்தோனியார் ஸ்க்ரூ முறுக்க வந்தவரா? முறுக்கினது நீங்க."

"கராஜ்காரன் எல்லாக் குழாயும் பார்த்தானே."

"அவன் போனெற்றோட நிண்டுட்டான். இது மணமகள் காலடி வரைக்கும் ஓடுது."

மேசையில் கிடந்த போன் அடித்தது. கஜேந்திரன். யாரும் எடுக்கவில்லை.

"லொறியும் வெளிக்கிட்டிருக்கும்" என்றான் பற்றிக், போனைப் பார்த்துக்கொண்டு. "சொல்லுக் குடுத்தாச்சு, மெற்றி."

"சொல்லைத்தானே குடுத்தீங்க. சாவியை இன்னும் குடுக்கலையே." அவள் கதிரையில் இருந்தாள். "அவர் என்ஜினைக் கழட்டிப் போடுவார். அதுக்குப் பிறகு அந்தக் கதவுகளுக்கு மூச்சு எங்கயிருந்து வரும்? சொல்லுங்க."

பற்றிக் ஸ்க்ரூவைச் சட்டைப் பைக்குள் போட்டான். அலுமாரியின் கீழ்த் தட்டை இழுத்து, பழைய சைக்கிள் டியூப் ஒன்றையும் கத்தரிக்கோலையும் எடுத்தான்.

"கஜேந்திரனுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டாள் மெற்றில்டா.

போன் திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. அவன் டியூபை விரலால் இழுத்துப் பார்த்தபடி, போனைத் தொடாமல் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே காரடிக்குப் போனான்.